'மெட்ராஸ்' என்றொரு மருத்துவக் கப்பல்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வாழும் நமக்குக் கடல் என்பது, காரைப் பள்ளங்களில் மழைக்குப் பின் வெளித்தெரியும் கல்லாய்ப்போன சிப்பிகளோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் கடல் கடந்து பிழைக்கச் செல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. நம் பிள்ளைகள் இன்று விமானமேறிச் சில மணி நேரத்தில் சென்றடையும் அரபு வளைகுடாவின் தலைமாட்டில் பஸ்ரா இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னர் அந்தப் பஸ்ராவிலிருந்து பம்பாய்க்குக் காயப்பட்டோரைச் சுமந்து வந்த கப்பல்களுள் ஒன்று, நம் மாகாணத்து மக்களின் நன்கொடையால் உருவானது. அதன் பெயரும் 'மெட்ராஸ்' என்பதே.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டதும், ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் ஆதரவில் சென்னையில் போர் நிதியொன்று திரட்டப்பட்டது. அதைக் கொண்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் 'தாண்டா' என்னும் புதிய கப்பல் மிதக்கும் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. ஏறத்தாழ 7,000 டன் கொள்ளளவுடைய கப்பல் அது. எழும்பூர் மகளிர் மருத்துவமனையின் தலைவராக இருந்த கிஃபார்டு அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆகவே கப்பலின் பெயரில் இருந்த மாகாணம் நம்முடையதும்தான். மனமுவந்து கொடுத்தவர் எத்தனை பேர், தாசில்தாரின் முகம் கோணக்கூடாதே என்று கொடுத்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இத்தகைய கப்பலைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்களையும் செவிலியரையும் நினைக்கிறோம். கப்பலை ஓட்டியவர்கள் வேறு. கொதிகலனுக்கு நிலக்கரி வாரிப் போட்டவர், சுக்கான் பிடித்தவர், தளம் கழுவியவர், சமைத்தவர் ஆகியோர் 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியக் கடலோடிகள். அந்தக் கம்பெனியின் கப்பல்களில் தளத்திலும் இயந்திர அறையிலும் பணிபுரிந்தோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்: சிட்டகாங், நவகாளி, சில்ஹெட், கட்சு, இரத்தினகிரி, பஞ்சாப் ஆகிய பகுதிகளின் ஏழைக் குடும்பத்தினர். அவர்களுக்குத் தலைவன் சாரங்கு, அவனுக்கு அடுத்தவன் தண்டல். சுக்கான் என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. மாலுமி என்பதும் 'முஅல்லிம்' என்பதன் திரிபே. அவர்களின் ஊதியமோ ஐரோப்பிய மாலுமி பெற்றதில் ஒரு சிறு பங்கு. பாரசீக வளைகுடாவின் கோடையில், தீயெதிரே நின்று கரி தள்ளும் வேலை எத்தகையது என்பதை அங்கே வெயிலில் உழைத்த நம் வீட்டு ஆண்கள் ஓரளவு அறிவர்.

சட்டமும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. மருத்துவக் கப்பல்களைப் பற்றிய 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, எந்நாட்டவராயினும் காயப்பட்டோர் அனைவருக்கும் அக்கப்பல்கள் உதவ வேண்டும் என்றது. பிடிபடும் கப்பலிலுள்ள மதகுருமார், மருத்துவர், மருத்துவமனை ஊழியர் ஆகியோரைத் தீண்டலாகாது என்றும் கூறியது. கப்பலோட்டிகளைப் பற்றி அவ்விதியில் பேச்சில்லை. மருத்துவக் கப்பலின் மாலுமிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று வெளிப்படையாக எழுதப்பட்டது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில்தான்.

இன்னொரு நெருடலையும் நாம் மறைக்கலாகாது. அந்தப் போர் உதுமானியக் கிலாஃபத்துக்கு எதிரான போருமாகும். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1912 டிசம்பரில், பால்கன் போரில் காயமுற்ற துருக்கியருக்குப் பணிவிடை செய்வதற்காக டாக்டர் எம்.ஏ. அன்சாரியின் தலைமையில் ஒரு தொண்டர் குழு பம்பாயிலிருந்து கப்பலேறியது. மௌலானா முகம்மது அலியின் 'காம்ரேட்' பத்திரிகை அதற்கு நிதி திரட்டியது. சௌத்ரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரஹ்மான் சித்தீக்கி, ஷுஐப் குறைஷி போன்றோர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். கட்டுப் போடவும் நோயாளியைத் தூக்கவும் முன்வந்த இளைஞர்கள். 1913 கோடையில் அக்குழு நாடு திரும்பியது. மறு ஆண்டே அதே இந்திய முஸ்லிம்களின் சகோதரர்கள் சீருடை அணிந்து அதே துருக்கியரை எதிர்த்து நிறுத்தப்பட்டனர்.

1915 நவம்பரில் பக்தாதுக்குத் தெற்கே நிகழ்ந்த போரை ஆங்கிலேயர் 'டெசிஃபோன்' என்றனர். அவ்வூரின் பெயர் ஸல்மான் பாக். நபித்தோழர் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அடங்கியிருக்கும் இடம் அது. அந்த மண்ணில் போரிட முஸ்லிம் சிப்பாய்கள் பலரின் மனம் ஒப்பவில்லை. ஸல்மானின் யோசனைப்படி மதீனாவைச் சுற்றி அகழ் வெட்டப்பட்ட போரில்தான், காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயப்பட்டோரைப் பேணுவதைத் தம் பொறுப்பாக ஏற்றிருந்த பெண்மணி அவர். அந்த ஸல்மானின் அடக்கத்தலத்துக்கருகே காயமுற்றவர்களுக்கோ கூடாரமும் போதவில்லை.

படகுகளில் நெருக்கியடித்து ஏற்றப்பட்ட அவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் டைகிரிஸ் ஆற்றில் வந்தனர். பஸ்ராவில் நின்ற 'வரேலா' என்னும் மருத்துவக் கப்பலின் பொறுப்பாளர் மேஜர் கார்ட்டர் தொலைவிலிருந்து பார்த்தபோது, 'மெஜிதியா' படகின் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதாக எண்ணினார். அருகே வந்தபின் தெரிந்தது: அவை காய்ந்த மலம். எழ முடியாதவர்கள் கிடந்த இடத்திலேயே கழித்தது. அழுகிய புண்களோடு கிடந்த அவர்களைக் கழுவித் துடைத்துக் கப்பலில் சேர்க்க வேண்டியிருந்தது. கார்ட்டர் அதை அறிக்கையாக எழுதினார். மேலதிகாரிகள் கைது செய்துவிடுவோம், பொறுப்பிலிருந்து நீக்கிவிடுவோம் என்று மிரட்டினர். அவர் பின்வாங்கவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை 1917இல் வெளியானதும், இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார்.

கார்ட்டரின் துணிவு வரலாற்றில் இடம் பெற்றது நியாயமே. ஆனால் அந்தத் தளத்தை அன்று கழுவியவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. தம் செலவில் ஒருவர் தொண்டராகப் போவதை கித்மத் என்று போற்றுகிறோம். கூலிக்குப் போனவரை அந்தக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பவே கப்பலேறிய ஒருவர், அந்நியரின் மலத்தையும் இரத்தத்தையும் முகம் சுளிக்காமல் துடைத்திருந்தால் அதை என்னவென்பது? நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அன்சாரி குழுவின் இளைஞர்களுக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைக்காமல் போனது நம் குறைதான் என்பதே நம் கருத்து.

'மெட்ராஸ்' மெசபொத்தேமியப் பாதையிலும் கிழக்கு ஆப்பிரிக்கப் பாதையிலும் பணியாற்றிவிட்டு, போருக்குப் பின் மீண்டும் 'தாண்டா'வாகப் பயணிகளை ஏற்றியது. 1944 ஜூலையில் அரபிக்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி அதைக் குண்டெறிந்து மூழ்கடித்தது. முதல் உலகப்போரில் கடலையே கல்லறையாகக் கொண்ட 2,000க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளுக்கு மும்பையில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. மஸ்ஜித் பந்தரில், மாலுமிகள் தங்கும் இல்லத்துக்குள் அது இருக்கிறது.