கண்டி நாட்டுக் கத்தோலிக்கரும் உறுதிபூசுதலும்

வயதுவந்த கத்தோலிக்கர் உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாவதை ஆன்மிகப் பக்குவம் பற்றிய பொருளாகவே பலரும் எடுத்துரைப்பர். அச்சடங்கை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அதற்கான கல்வி யாருடைய உழைப்பால் நடைபெற்றது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அது வரலாற்றுப் பொருளாகின்றது. இவ்வினாக்களை மாத்தளை மாவட்டத்தை முன்னிறுத்தி நோக்குவோம்.

இம்மாவட்டத்தின் கிழக்கே, மலைத்தொடருக்கு அப்பால் பல்லேகம. மேற்கே, கலேவெலைப் பக்கமாக வஹகோட்டை. பதினேழாம் நூற்றாண்டுப் போர்களில் சிறைப்பட்டும் புகலிடந்தேடியும் கண்டி இராச்சியத்தை அடைந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர் வஹகோட்டையில் நிலைபெற்றனர். கண்டியின் நிலமானிய அமைப்பினுள் அவர்கள் சிங்களக் குடியானவராயினர். சமயத்தை மட்டும் கைவிடவில்லை.

இங்கு திருச்சபைச் சட்டத்தின் ஒரு முரண்பாடு கருதத்தக்கது. அவசர வேளையில் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். உறுதிபூசுதலோ அத்தகையதன்று. திரெந்து பொதுச்சங்கம் (1545–1563) ஆயரையே அதன் வழக்கமான பணியாளராக வகுத்தது. குருவுக்குத் தனி அனுமதி வேண்டும். இலங்கையோ அன்று கொச்சி மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. 1658இன் பின் கரையோரம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். ஆகவே திருமுழுக்குப் பெற்றும் உறுதிபூசுதல் பெறாமலே முதுமையெய்துவது இத்தகைய ஊர்களில் தனிமனிதரின் அசட்டையால் நேர்ந்ததன்று. அரசியற் புவியியலால் நேர்ந்தது.

கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டியை அடைந்த யோசேவாஸ் அடிகளார் இந்நிலையைப் பொதுமக்களைக் கொண்டே எதிர்கொண்டார். அண்ணாவிமாரும் மூப்புமாரும் செபம் நடத்தினர், மறைக்கல்வி புகட்டினர். கூத்துப் பயிற்றுவோனுக்கும் திண்ணைப்பள்ளி ஆசிரியனுக்கும் உரிய ‘அண்ணாவி’ என்னும் தமிழ்ச்சொல் சிங்களக் கத்தோலிக்கர் வழக்கிலும் புகுந்தமை தற்செயலானதன்று. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத பலர் கேட்டு மனனஞ்செய்வதே அக்காலக் கல்விமுறை. விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், ஏழு தேவதிரவிய அனுமானங்கள் ஆகியன அவ்வாறே பயிலப்பட்டன. தாம் பெறவியலாத ஒன்றையும் அவற்றுள் ஒன்றாக அம்மக்கள் ஒப்புவித்தனர் என்பதை மறத்தலாகாது.

இத்தேவையே இலக்கியத்தையும் தோற்றுவித்தது. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழரிடையே சாங்கோபாங்க சுவாமிகள், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ கண்ணுக்கன்றிச் செவிக்கென எழுதப்பட்ட உரைநடை. ஈழத்துத் தமிழ் உரைநடையை நாவலரிலிருந்தே தொடங்குவோர் இதனை ஏனோ பொருட்படுத்துவதில்லை.

வாஸ் அடிகளார் 1711இல் மறைந்தார். 1740களில், நாயக்க மரபின் முதல் அரசனாகிய ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில், குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதன்பின்னும் வஹகோட்டைச் சமுதாயம் நிலைத்தது, நிலைநிறுத்தியோர் பொதுமக்களே.

ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர். 1834இல் இலங்கை கொச்சியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆயிற்று. கோப்பித் தோட்டங்களை நோக்கித் தமிழ்த் தொழிலாளர் வடபாதை வழியே நடந்துவந்ததும் இந்நூற்றாண்டிலேயே. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. 1883இல் கண்டி தனி விகாரியத்தாகி, 1886இல் மறைமாவட்டமாயிற்று. ஆயர் வந்த பாதை மூலதனம் வகுத்த பாதை என்று கூறின் மிகையாகாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் 1972இல் வெளிவந்த வயதுவந்தோர் புகுமுகச் சடங்குமுறை, திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் பாஸ்கா இரவில் ஒருங்கே அளிக்க வழிசெய்தது. வயதுவந்தோருக்குத் திருமுழுக்கு அளிக்கும் குருவே உறுதியும் பூசலாம் என 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் இசைகின்றது. ஆனால் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கராகவே வளர்ந்து, உறுதிபூசுதலை மட்டும் வயதுவந்தபின் நாடுவோர் ஆயரையோ அவரிடம் அதிகாரம் பெற்ற குருவையோ எதிர்பார்த்தல் வேண்டும். பழைய வஹகோட்டையார் இவ்வகுப்பினரே.