குழலும் எழுதுகோலும்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் கண்டும் கேட்டும் பழகிய ஒன்றன்வழிக் காட்டுவது உவமையின் பணி. சமய உண்மைகளை உணர்த்த முற்பட்ட சான்றோர் பலரும் அதன் துணையை நாடியுள்ளனர். கிறித்தவத் திருமறை இறைவனின் ஏவுதலால் எழுந்தது என்னும் கோட்பாடும் இதற்கு விலக்கன்று. மனிதர் எழுதிய நூல் எவ்வாறு இறைமொழியாகும் என்ற வினாவுக்கு விடை கூற வந்தோர், இசைஞனின் குழலையும், எழுதுவோனின் கோலையும், தச்சனின் கோடரியையும், குழந்தையோடு மழலை பேசும் செவிலியையும் மாறி மாறிக் கையாண்டனர். இவை வெறும் அணிகளாக நின்றுவிடவில்லை. ஒவ்வோர் உவமையும் ஒரு கொள்கையைச் சுமந்து வந்தது. சில சுமை தாங்காமல் முறிந்தும் போயின.

உவமைக்கு முதல் வித்து திருமறையிலேயே உள்ளது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம், மறைநூலைக் கடவுளின் மூச்சால் ஆனது என்னும் பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லால் குறிக்கிறது. ஆவியினால் அருளப்பட்டது என்று அதனைப் பெயர்த்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், ஆவி என்னும் சொல் மூச்சையும் குறிக்குமாதலால், மூலத்தின் படிமம் ஓரளவு எஞ்சி நிற்பது மகிழ்ச்சிக்குரியது. பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகமோ, இறைவாக்கினர் தூய ஆவியால் உந்திச் செல்லப்பட்டுப் பேசினர் என்கிறது. புயற்காற்றில் அடித்துச் செல்லப்பட்ட கப்பலைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரம் கூறுமிடத்தும் அதே வினைச்சொல்லே வருகிறது.

மூச்சு என்றவுடன் குழல் நினைவுக்கு வருதல் இயல்பே. ஏறத்தாழ கி.பி. 177இல், ஏதென்சு நகரத்து அறிஞராகிய அத்தனகோரசு என்பார், உரோமைப் பேரரசர் மார்க்கசு அவுரேலியுசுக்கும் அவர் மைந்தர் கொம்மோதுசுக்கும் கிறித்தவர் சார்பாக ஒரு விண்ணப்பம் வரைந்தார். குழலூதுவோன் குழலுள் மூச்சைச் செலுத்துவதுபோல் தூய ஆவியார் இறைவாக்கினரைப் பயன்படுத்தினார் என்பது அதில் அவர் தந்த விளக்கம். தெருவிலும் விருந்திலும் குழலோசை கேட்டுப் பழகிய கிரேக்க உலகுக்கு இதனினும் எளிய விளக்கம் தேவைப்பட்டிராது.

ஆயினும் இவ்வுவமை விரைவிலேயே இடர் விளைத்தது. அதே இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் பகுதியாகிய பிரிகியாவில் மொந்தானுசு என்பவர் எழுந்தார். பிரிசில்லா, மாக்சிமில்லா என்னும் பெண்டிர் இருவர் அவருடன் இறைவாக்குரைத்தனர். மனிதன் யாழ், இறைவன் அதனை மீட்டும் கோல். மனிதன் உறங்குகையில் இறைவன் விழித்திருக்கிறான் என்னும் கருத்துப்பட மொந்தானுசு பேசியதாக நான்காம் நூற்றாண்டின் எப்பிபானியுசு பதிவு செய்துள்ளார். மெய்மறந்து, தன்னுணர்வு இழந்து கூறுவதே உண்மையான இறைவாக்கு என்பது இதன் உட்கிடை. திருச்சபையார் இதனை ஏற்கவில்லை. இறைவாக்கினன் மதிமயங்கிப் பேசுதல் ஆகாது என்று மில்த்தியாதெசு என்பார் ஒரு நூலே எழுதினார் என்று வரலாற்றாசிரியர் யுசேபியுசு குறிக்கிறார். குழலுவமை அன்றோடு மறைந்துவிடவில்லை எனினும், கருவி ஒருபோதும் சிந்திப்பதில்லை என்னும் குறை அதன்மீது நிழலாக விழுந்தது.

நற்செய்தியாளர் லூக்காவின் முன்னுரையைப் படிப்போர்க்கு இக்குறை தெளிவாகப் புலப்படும். தொடக்கமுதல் யாவற்றையும் கருத்தாய் ஆராய்ந்து ஒழுங்குபட எழுதுவதாக அவர் கூறுகிறார். குழல் ஆராய்வதில்லை. எபிரேய மூலத்தில் தோய்ந்த செரோம், எசாயாவின் நடை உயர்குடிப் பிறந்தார்க்குரிய நாகரிக நடை என்றும், எரேமியாவின் நடை அதனினும் நாட்டுப்புறத் தன்மையது என்றும் வேறுபடுத்திக் காட்டினார். ஊதுபவர் ஒருவரேயாயின் ஓசை இவ்வாறு வேறுபடுவானேன் என்னும் வினா எழுந்தே தீரும்.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மற்றோர் உவமை புகழ் பெற்றது. 590 முதல் 604 வரை உரோமையின் திருத்தந்தையாக விளங்கிய பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விரிவுரையின் முன்னுரையில், அந்நூலை எழுதியவர் யார் என்னும் ஆராய்ச்சியை வீண் வேலை என்று ஒதுக்குகிறார். பெரியோர் ஒருவரிடமிருந்து மடல் வந்தால் அதனைப் படிப்பதை விடுத்து, எந்த எழுதுகோலால் எழுதப்பட்டது என்று துருவுவது நகைப்புக்கிடமாகும் என்பது அவர் கூற்று. மடல் பெற்ற எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை இது.

உவமைக்கும் பொருளுக்கும் உள்ள பொதுத்தன்மை எது, அதன் எல்லை எது என்று தெளிதல் வேண்டும் என்பது தமிழ் ஆசிரியர்க்குப் புதிதன்று. கிரகோரியார் ஆசிரியர் பெயர் பற்றிய வினாவொன்றுக்கே எழுதுகோலைக் காட்டினார். பின்வந்தோர் அந்த எல்லையைக் கடந்தனர். சீர்திருத்த இயக்கத்துக்குப் பின் தோன்றிய புராட்டஸ்டண்டு இறையியலார் சிலர், மறையாசிரியர்களை ஆவியாரின் எழுத்தர்கள், எழுதுகோல்கள் என்றே வரையறுத்தனர். கோல் தானாக எதனையும் எழுதுவதில்லை. ஆகவே ஒவ்வொரு கீற்றும் எழுதுவோனுக்கே உரியது என்பது அடுத்த படி.

எபிரேய மொழி தொன்றுதொட்டு மெய்யெழுத்துகளாலேயே எழுதப்பட்டது. உயிரொலிகளைக் காட்டும் சிறு குறிகள் திருமறையில் இடம்பெற்றது கிறித்து பிறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகே. பிரெஞ்சு நாட்டுப் புராட்டஸ்டண்டு அறிஞர் லூயி கப்பெல் 1624இல் வெளிவந்த நூலில் இதனை நிறுவினார். பாசெல் நகரத்துப் புக்ஸ்டோர்பு மரபினர், தந்தையும் மகனுமாக, குறிகளின் தொன்மைக்கு வாதாடினர். முடிவில் 1675இல் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையினர் வகுத்த கொள்கையறிக்கை, மெய்யெழுத்துகளோடு உயிர்க்குறிகளும், குறைந்தது அவை தரும் ஒலிமதிப்பும் இறையேவுதல் பெற்றவை என்று அறுதியிட்டது. புள்ளியிடாத ஓலைச்சுவடியில் மெய்யையும் உயிர்மெய்யையும் இடம்நோக்கி உணர்ந்து படித்த மரபினர்க்கு, படிப்போரின் துணைக்கு இட்ட குறியையே மூலமாகக் கொள்வது வியப்பாகத்தான் தோன்றும். இவ்வறிக்கை நெடுநாள் செல்வாக்குடன் நிற்கவில்லை. ஓர் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்ததன் விளைவு இது எனல் மிகையாகாது.

இதற்கு நான்கு நூற்றாண்டுகட்கு முன்பே தோமா அக்குவீனா தச்சனின் பட்டறையிலிருந்து நுட்பமான விளக்கம் ஒன்றைத் தந்திருந்தார். கோடரி தன் கூர்மையால் வெட்டுகிறது. ஆயினும் கட்டில் உருவாவது தச்சனின் கலைத்திறத்தால். கருவி தன் இயல்பை இழக்காமலே தன்னின் மேலான செயலுக்கு உதவுகிறது. அவர் இதனை அருளடையாளங்களை விளக்கும்போது கூறினார். இறைவாக்கினரின் உள்ளத்தை ஒரு கருவி என்று பிறிதோரிடத்தில் குறித்தார். பிற்காலக் கத்தோலிக்க இறையியலார் இரண்டையும் இணைத்து மறையேவுதலுக்குப் பொருத்தினர். லூக்காவின் ஆராய்ச்சிக்கும் எரேமியாவின் நாட்டுப்புற நடைக்கும் இதில் இடமுண்டு. முன்னைய உவமைகளினும் இது சிறந்ததாகக் கொள்ளத்தக்கது.

செவிலி உவமையின் நோக்கம் சற்று வேறானது. எழுதியவரை விடுத்துக் கேட்பவரை நோக்குவது அது. குழந்தையோடு பேசும் தந்தை தன் சொல்லைக் குழந்தையின் நிலைக்குத் தாழ்த்திக்கொள்வதை ஒரிசன் மூன்றாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். 407இல் மறைந்த பொன்வாய் யோவான் இறைவனின் இந்த இறங்கிவருதலைத் தம் மறையுரைகளில் பல்கால் வலியுறுத்தினார். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின், செவிலி மழலையோடு மழலையாய்ப் பேசுவதுபோல் இறைவன் மனிதரோடு பேசுகிறான் என்றார். கொள்கைப் பகைமை மிக்க காலத்தும் இரு தரப்பினரும் போற்றிய உவமை இது.

1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டினை வெளியிட்டது. மறையாசிரியர்கள் தம் ஆற்றல்களையும் திறன்களையும் பயன்படுத்தி எழுதிய உண்மையான ஆசிரியர்கள் என்று அது கூறியது. குழலையோ எழுதுகோலையோ அது துணைக்கு அழைக்கவில்லை. இறைமொழி மனிதமொழியாக வந்த பாங்கினை விளக்குமிடத்து, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட பொன்வாய் யோவானின் இறங்கிவருதல் என்னும் கருத்தையே அது எடுத்தாண்டது.