வயல் நீரில் ஒரு வரலாறு



பழனி மலையடிவாரத்து ஆயக்குடியில் வாழும் நான், நெடுங்காலம் வகுப்பறையில் ஒரு பாதி உண்மையையே கற்பித்து வந்தேன். நுண்ணுயிர் என்றதும் காலராவையும் காசநோயையும் மட்டுமே கரும்பலகையில் எழுதினேன். நம் சோற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டு என்பதைச் சொல்லத் தவறினேன். மற்றப் பாதியை இன்று சொல்லிவிட விழைகிறேன்.

1676-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுத் துணி வணிகரான லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த சிறு வில்லையின் வழியே நீர்த்துளியில் நெளியும் உயிர்களைக் கண்டு, இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். நூறாண்டு கழித்து, 1776-இல், இத்தாலிய அறிஞர் வோல்டா ஏரிச் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்தார். அவ்வாயு தீப்பற்றி எரிந்தது. அதுவே மீத்தேன். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே அதனை உண்டாக்குகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். நெல்வயலில் படரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்குகின்றன என்று 1939-இல் பி. கே. டே எடுத்துக்காட்டினார். எருவிடாத வயலும் ஆண்டுதோறும் ஓரளவு விளைந்ததன் காரணம் விளங்கலாயிற்று. சென்னையில் எம். ஓ. பி. ஐயங்கார் பாசியியலுக்கு அடித்தளமிட்டார். அவர்தம் மாணவர் தேசிகாசாரி 1959-இல் இப்பாசிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

ஆக, ஒரே வயலில் இரு தொழிற்சாலைகள் இயங்குகின்றன. மேலே பாசி உரம் சமைக்கிறது. கீழே சேற்றுயிர் மீத்தேன் சமைக்கிறது. சம எடை கரியமில வாயுவைவிட மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்கும். வெப்பம் ஏறினால் சேற்றுயிரின் வேலையும் பொதுவாக விரைவுறும். நெல்வேரின் அருகே மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் உண்டெனினும், அவை முழுவதையும் தடுக்க வல்லன அல்ல.

வழி என்ன? நம் உழவர் அறிந்த காய்ச்சலும் பாய்ச்சலும்தான். கட்டிய நீர் மறைந்தபின் மீண்டும் நீர் பாய்ச்சினால், சேற்றில் காற்றுப் புகுகிறது, மீத்தேன் குறைகிறது, நீரும் மிஞ்சுகிறது. ஆனால் தழைச்சத்து உரத்தை அளவின்றிக் கொட்டினால், வேறு சில நுண்ணுயிர்கள் அதனை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றும். அதுவும் வெப்பமூட்டும் வாயுவே. ஆகவே அளவறிதல் வேண்டும்.

அடுத்த முறை வரப்பில் நடக்கும்போது, காலில் ஒட்டும் பாசியை அழுக்கென்று உதறுமுன் சற்றே குனிந்து நோக்குங்கள். நான் கற்பிக்கத் தவறிய பாடம் அங்கே இருக்கிறது.