நம் பெயரில் ஓர் ஏடு: கடன் தகவல் நிறுவனங்களும் கடனாளியின் உரிமையும்

வங்கியில் கடன் கேட்டு விண்ணப்பிப்பவரைப் பற்றி அந்த வங்கியிலும் இல்லாத, அவர் வீட்டிலும் இல்லாத ஒரு பதிவேடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது. எப்போது கடன் வாங்கினார், எந்த மாதம் தவணை தவறினார், யாருக்கு ஜாமீன் போட்டார் என்பதெல்லாம் அதில் உண்டு. அதைச் சுருக்கி எடுத்த மூன்று இலக்க எண்ணைத்தான் ‘சிபில் ஸ்கோர்’ என்கிறோம். இந்தியாவில் இந்தப் பதிவேட்டை நான்கு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஸ்கோர் 300-இல் தொடங்கி 900 வரை போகும். இந்த ஏற்பாட்டின் தோற்றத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர் அதைத் தன் கண்ணால் பார்க்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இக்கட்டுரை தேடிப் போவது அதைத்தான்.

அமெரிக்காவில் 1837-இல் வந்த நிதி நெருக்கடியில் வணிக நிறுவனங்கள் வரிசையாக நொடித்தன. நியூயார்க்கில் பட்டு வியாபாரம் செய்துவந்த டாப்பன் சகோதரர்களின் கடையும் விழுந்தது. தூரத்து ஊர் வியாபாரிகளுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்துத்தான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இளையவரான லூயிஸ் டாப்பன் அடிமை முறை ஒழிப்புக்காகப் பாடுபட்டவர். அந்த இயக்கத்தின் வழியாக அவருக்கு ஊர் ஊராகத் தொடர்புகள் இருந்தன. 1841-இல் அவர் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’யைத் தொடங்கினார். உள்ளூர் வழக்கறிஞர்களும் வணிகர்களும் தங்கள் வட்டாரக் கடைக்காரர்களைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். அப்படி எழுதியவர்களில் இல்லினாய் மாநிலத்து இளம் வழக்கறிஞரான ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். சொத்து, கடன் பாக்கி ஆகியவற்றோடு குடிப்பழக்கம், குடும்பம், நாணயம் எல்லாம் அந்தக் குறிப்புகளில் இடம்பெற்றன.

சந்தா கட்டிய வணிகர் அலுவலகத்துக்கு வந்தால் எழுத்தர் ஏட்டைத் திறந்து வாசித்துக் காட்டுவார், கையில் தரமாட்டார். பின்னர் 1859-இல் அச்சிட்ட தொகுப்பு வந்தபோது, அந்தப் புத்தகத்துக்கே பூட்டு போட்டுக் கொடுத்தார்கள். சாவி சந்தாதாரரிடம் இருந்தது. ஏட்டில் எழுதப்பட்டவரிடம் ஒன்றும் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற சிற்றூரின் வணிகர்கள், தங்களைப் பற்றிய தவறான குறிப்பால் தொழில் கெட்டது என்று டாப்பன் மீது வழக்குப் போட்டார்கள். தகவல் கொடுத்தவர் யார் என்று சொல்ல மறுத்த, டாப்பன் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் சிறைக்கே போனார். ஜூரி 10,000 டாலர் இழப்பீடு விதித்தது. பின்னாளில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தத் தொழிலின் முதல் பத்தாண்டிலேயே எழுந்த கேள்விதான் இன்றும் நிற்கிறது: தவறாக எழுதிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

டாப்பனின் நிறுவனம் ஆர்.ஜி. டன் கைக்குப் போய், 1933-இல் போட்டியாளரான பிராட்ஸ்ட்ரீட்டுடன் இணைந்து ‘டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்’ ஆயிற்று. இந்தப் பெயர் 2000-இல் மும்பையில் மறுபடியும் வரும்.

தனிமனிதர் கணக்குக்கு வந்தவர்கள் வேறு. அட்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் 1899-இல் ‘ரீட்டெயில் கிரெடிட் கம்பெனி’யைத் தொடங்கினார்கள். கடைகளில் பற்று வைத்திருப்பவர்களில் உடனே கட்டுபவர் யார், இழுத்தடிப்பவர் யார், ரொக்கம் வாங்கிக்கொண்டே சரக்கு தர வேண்டியவர் யார் என்று தரம் பிரித்த கையேட்டை அவர்கள் விற்றார்கள். பிறகு காப்பீட்டு நிறுவனங்களுக்காக அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை எழுதும் வேலையில் பெருத்தார்கள். பல லட்சம் பேரைப் பற்றிய இந்தக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் 1960-களின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணைகள் நடந்தன. அதன் பயனாக 1970-இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டறியவும், தவறு என்று மறுக்கவும், அறிக்கையைக் காரணம் காட்டிக் கடன் மறுத்தால் எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று தெரிந்துகொள்ளவும் தனிமனிதருக்கு அப்போதுதான் வழி பிறந்தது. டாப்பன் தொடங்கி 129 ஆண்டுகள்! ரீட்டெயில் கிரெடிட் 1975-இல் ‘ஈக்விஃபாக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இன்று இந்தியாவின் சிபில் நிறுவனத்தை நடத்தும் டிரான்ஸ்யூனியனின் தொடக்கம் இன்னும் வியப்பானது. ரயில் டேங்கர் வேகன்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் தாய் நிறுவனமாக 1968-இல் அது உருவானது. அடுத்த ஆண்டு சிகாகோ வட்டாரத்தின் கடன் பதிவகத்தை வாங்கியபோது 400 அலமாரிகளில் 36 லட்சம் அட்டைகள் அதன் கைக்கு வந்தன. ஸ்கோர் வந்தது அதற்கும் பிறகுதான். பில் ஃபேர், ஏர்ல் ஐசக் இருவரும் 1956-இல் தொடங்கிய நிறுவனம், 1989-இல் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான ‘ஃபைகோ’ ஸ்கோரை வெளியிட்டது.

சட்டம் வந்த பிறகும் பிழைகள் ஓயவில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் நார்விச் என்ற ஊரில் 1991-இல் நடந்தது அதற்குச் சான்று. சொத்து வரி கட்டாதவர்களின் பட்டியலை எடுக்கப் போன ஒப்பந்தப் பணியாளர், வரி கட்டியவர்களின் பட்டியலை எடுத்து வந்துவிட்டார். ஒழுங்காக வரி கட்டிய ஏறக்குறைய 1,400 பேரும் ஒரே வீச்சில் பாக்கிதாரர் ஆனார்கள். ஊரே சேர்ந்து பாதிக்கப்பட்டதால்தான் அது சீக்கிரம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒருவர் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அவர் சொல்லை யார் நம்பியிருப்பார்கள்? அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஐந்து பேரில் ஒருவரின் அறிக்கையில் குறைந்தது ஒரு பிழையாவது இருந்ததாகக் கண்டது. கலிஃபோர்னியாவில் கார் வாங்கப் போன ஒருவரின் பெயர், பயங்கரவாதிகளும் போதைப்பொருள் கடத்தல்காரர்களும் அடங்கிய அரசுப் பட்டியலில் இருந்த பெயரோடு ஒத்துப்போகிறது என்று டிரான்ஸ்யூனியன் அறிக்கை சொன்னதற்காகவே கடையில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவரைப் போல 8,185 பேர் டிரான்ஸ்யூனியன் மீது தொடர்ந்த வழக்கில், யாருடைய அறிக்கை உண்மையில் வெளியே போனதோ அந்த 1,853 பேருக்கே வழக்காடும் தகுதி உண்டு என்று 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தியாவுக்கு வருவோம். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிக் கட்டாதவர்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 1994 முதலே வங்கிகளுக்குத் தந்துவந்தது. சாமானியர் அதில் வரமாட்டார். தனிநபர் கடனும் கிரெடிட் கார்டும் பெருகியபோது, ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழு 1999-இல் தனிப் பதிவகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2000 ஆகஸ்டில் அந்தப் பதிவகம் சிபில் என்ற பெயரில் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. ஸ்டேட் வங்கியும் எச்.டி.எஃப்.சி.யும் தலா 40 சதவீதம், டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் டிரான்ஸ்யூனியனும் தலா 10 சதவீதம் பங்கு வைத்திருந்தன. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு என்பதால், முதலில் கடன் ஒப்பந்தத்திலேயே சம்மத வாசகம் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். 2005-இல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. கடன் வாங்கியவர் சம்மதிக்காவிட்டாலும் தகவல் போய்ச் சேரும். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தன் அறிக்கையைக் கேட்டுப் பெறவும் திருத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

உரிமை ஏட்டில் இருந்தது. கைக்கு வர நாளாயிற்று. சிபில் தனிநபர் அறிக்கைகளை 2004-இல் வங்கிகளுக்குத் தரத் தொடங்கியது. 2007-இல் ஸ்கோரும் வங்கிகளுக்குக் கிடைத்தது. சம்பந்தப்பட்டவருக்கு அந்த எண் விற்பனைக்கு வந்தது 2011-இல், அதுவும் நானூறு ரூபாய்க்கு மேல் கட்டணத்தில். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ஹைமார்க் ஆகியவை 2010-இல் களத்துக்கு வந்தன. 2015-இல் எல்லாக் கடன் நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம் என்ற விதி 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சிபிலின் பெரும்பங்கு டிரான்ஸ்யூனியன் கைக்குப் போயிருந்தது.

அந்த இலவச அறிக்கையை ஒருவர் முதன்முறையாகத் திறந்தால் என்ன பார்க்கிறார்? ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதக் கட்டங்கள் 36 வரை ஓடும். தவணை சரியாகப் போன மாதத்தில் 000 என்றிருக்கும். 030 என்றிருந்தால் 30 நாள் தாமதம். இடையிடையே ஒழுங்கான கடன், தரம் குறைந்த கடன் என்று குறிக்கும் எஸ்.டி.டி., எஸ்.யு.பி. என்ற எழுத்துகள், வங்கி தகவலே அனுப்பாத மாதத்துக்கு மூன்று எக்ஸ். கடைசியில், யார் யார் எப்போது இந்த அறிக்கையைக் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பட்டியல். ஒரே வாரத்தில் நான்கு இடங்களில் கடன் கேட்டிருந்தால் அதுவும் அவருக்கு எதிராகப் பேசும்.

பலரை அதிர வைப்பது ‘செட்டில்டு’ என்ற ஒரு சொல். வங்கி நடத்திய சமரச முகாமுக்குப் போய், சொன்ன தொகையைக் கட்டி, என்.ஓ.சி. வாங்கி, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக வந்திருப்பார். ஏட்டிலோ, முழுத் தொகையும் வரவில்லை, பேசித் தீர்த்தது என்று பதிவாகியிருக்கும். அடுத்த கடனுக்குப் போகும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். மைத்துனனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். தவணை தவறியவன் அவன், ஸ்கோர் அடி வாங்கியது இவருக்கு. முகாமிலேயே இதை வாயால் எடுத்துச் சொல்வது வங்கியின் கடமை என்று இக்கட்டுரை உறுதியாகக் கருதுகிறது.

தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. ஆதாரில் எஸ். முருகன், பான் அட்டையில் இன்ஷியலை விரித்து முருகன் சுப்பிரமணியன், பழைய வங்கிக் கணக்கில் முருகன் எஸ். பதிவகம் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் இது இவர் கடன் என்று முடிவு செய்கிறது. பான் எண் இல்லாத பழைய கடன்களில் ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயரில் ஒட்டிக்கொள்ள இது போதும். பான் எண்ணே திருடுபோவதும் உண்டு: 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணைக் கொண்டு யாரோ ஒரு செயலியில் 2,000 ரூபாய் கடன் வாங்கியதாகவும் அது தன் சிபிலைக் கெடுத்ததாகவும் வெளிப்படையாகப் புகார் சொன்னார். பிரபலத்தின் ஏட்டிலிருந்த பிழை விரைவில் திருத்தப்பட்டது.

மற்றவர்களுக்குப் பாதை நீளமானது. புகாரை வாங்கும் பதிவகம் தானாக எதையும் திருத்தாது. கடன் தந்த வங்கியிடம் கேட்கும். வங்கி சரியென்றால்தான் மாறும். வங்கியிடம் போனால் சிபிலைக் கேளுங்கள் என்பார்கள், சிபிலிடம் போனால் வங்கியைக் கேளுங்கள் என்பார்கள்.

எண்ணின் ஆட்சி கல்விக்கும் வேலைக்கும் பயிருக்கும்கூடப் பரவியிருக்கிறது. 2023-இல் கேரளத்து மாணவர் ஒருவருக்குப் பழைய கடனில் 16,667 ரூபாய் பாக்கி இருந்ததைக் காட்டிக் கல்விக்கடனை மறுத்தார்கள். மாணவரின் விண்ணப்பத்தைக் குறைந்த ஸ்கோருக்காக மட்டும் தள்ளக்கூடாது என்று நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் சொன்னார். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமோ, கடன் வரலாறு மோசமாக இருந்ததற்காக ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சரியென்றது. கடனைக் கட்ட வேலை வேண்டும், வேலைக்குக் கடன் கட்டியிருக்க வேண்டும் என்ற இந்தச் சுழலில் சிக்குபவருக்கு என்ன வழி என்பதற்கு அந்தத் தீர்ப்பில் ஆறுதல் இல்லை. அதே ஆண்டு, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கச் சொன்ன சுற்றறிக்கையைத் தமிழ்நாட்டு விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். மழை பொய்த்த ஆண்டின் பாக்கியையும் வேண்டுமென்றே கட்டாத பாக்கியையும் ஒரே கட்டத்தில் எழுதும் ஏடு விவசாயிக்குப் பொருந்தாது என்பதில் நியாயம் இருக்கிறது. முன்னதாக 2024 டிசம்பரில் சிவகங்கை உறுப்பினர் கார்த்தி சிதம்பரம் மக்களவையில், எல்லோரையும் மதிப்பிடும் சிபில் என்ற தனியார் நிறுவனத்திடம் வெளிப்படைத்தன்மையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்று பேசினார்.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. 2022 செப்டம்பரில் கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2023 ஜூனில் நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முதல், புகார் 30 நாளில் தீராவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். வங்கி 21 நாளுக்குள் பதில் தராவிட்டால் அந்தப் பொறுப்பு வங்கியுடையது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை அல்ல, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. கட்டிய பணம் ஏட்டில் ஏற முன்போலக் காத்திருக்க வேண்டியதில்லை. முதன்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறே இல்லை என்பதற்காகத் தள்ளக்கூடாது என்ற அறிவுறுத்தலும் இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பழையதும் அதிகம் மறக்கப்பட்டதுமான ஒன்று 2006-இன் ஒழுங்குமுறைகளில் கிடக்கிறது. கடன் அறிக்கையைக் காரணமாக்கி ஒருவருக்குக் கடன் மறுத்தால், 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்லி, அறிக்கையின் நகலையும் பதிவகத்தின் முகவரியையும் இணைத்து அனுப்ப வேண்டும். கிளை மேலாளரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து “உங்க சிபில் சரியில்லைங்க” என்ற ஒரு வாசகத்தோடு எழுந்து வருகிற எவரும் அந்தக் கடிதத்தைக் கேட்கலாம். கேட்டால் தர வேண்டும். கேட்காவிட்டாலும் தர வேண்டும்.