வேட்டொலியும் வேட்டைநாயும்: ஒரு மருந்துத் தேடலின் வரலாறு

விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டத்து எம். புதுப்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலங்களில் பட்டாசு ஆலைகள் சிறு சிறு அறைகளாகப் பரந்து கிடக்கின்றன. இந்தியா வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு இவ்வட்டாரத்தில் செய்யப்படுவது என்பதை யாவரும் அறிவர். இதே மாவட்டத்தில்தான் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் உள்ளன. இரண்டும் புகழ்பெற்ற வேட்டைநாய் இனங்களுக்குத் தம் பெயரை ஈந்த ஊர்கள். இவ்விரு செய்திகளையும் நாம் சேர்த்து எண்ணுவதில்லை. நாட்டை அதிரவைக்கும் ஒலியும் அவ்வொலிக்கு அஞ்சி நடுங்கும் உயிரும் ஒரே மண்ணின் விளைச்சல்.

தீபாவளி நெருங்கும்போது, செல்லப்பிராணிகளுக்கான கடைகளில் நாய்களின் வெடி அச்சத்தைத் தணிப்பதாகச் சொல்லும் மூலிகை மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் விற்பனையாகின்றன. அமுக்கரா, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில், சீமைச் சாமந்தி, ஐரோப்பிய வலேரியன் வேர் என நீளும் பட்டியல் அது. இந்த வேர்கள் அச்சத்தைப் போக்குமா என்று கேட்பதற்கு முன், அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது முறை.

அச்சுறுத்தவே எழுந்த ஒலி

இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை முறையாகத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் பூனா அறிஞர் பி. கே. கோடே. 1400 முதல் 1900 வரையிலான சான்றுகளை அவர் திரட்டினார். 1443இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கு நடந்த விழாவின் வாணவேடிக்கையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அது கண்ணுக்கான விருந்து. ஆனால் வெடிமருந்துக்கு வேறொரு பயனும் இருந்தது. ஔரங்கசீப்பின் காலத்தில் இங்கு வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், மோதிக்கொள்ளும் யானைகளைப் பிரிக்க அவற்றின் நடுவே சர்க்கி என்னும் வெடிச்சக்கரத்தைச் சுழலவிடும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். மதம் கொண்ட யானையும் அதற்கு அஞ்சி விலகும்.

இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் யானையையும் காட்டுப்பன்றியையும் விளைநிலத்திலிருந்து விரட்டப் பட்டாசு கொளுத்துகிறார்கள். ஆக, விலங்கை அஞ்சவைப்பது வெடியின் தற்செயலான பக்கவிளைவு அன்று; அதன் பழைய பயன்களுள் ஒன்று. யானையிடம் நாம் எதிர்பார்க்கும் அதே விளைவை நாயிடம் காணும்போது மட்டும் அதனை நோய் என்கிறோம்.

நாயின் செவியோ நம் செவியினும் நுண்மையானது. மனிதர் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்பர். நாய் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தீபாவளி என்பது நமக்கு நாட்காட்டியில் முன்னரே குறிக்கப்பட்ட நாள். நாய்க்கு அது காரணமும் முடிவும் தெரியாத இரவு.

ஆலை வந்த கதை

1922இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாறு பலரும் அறிந்தது. மழை குறைந்த வறண்ட வானிலை அத்தொழிலுக்கு உகந்ததாயிற்று. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் பெற்ற உற்பத்திக்கு ஒழுங்கு ஏற்பட்டது. உலகப் போரால் இறக்குமதியும் தடைப்படவே, பட்டாசுத் தொழில் இங்கு வேர் கொண்டது. மானம் பார்த்த பூமியில் ஆண்டு முழுவதும் கூலி தரும் தொழில் இதுவே என்ற நிலை உருவாயிற்று.

வேட்டைநாயின் வரலாறு இதனினும் பழையது. ஞமலி, ஞாளி என்று நாயைக் குறிக்கும் சொற்கள் சங்கப் பாடல்களிலேயே உள்ளன. இராசபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அந்த இனத்தின் வெள்ளை நிறத்தையே விரும்பி வளர்த்ததன் விளைவாக, அதில் பிறவிச் செவிடு கணிசமாகக் காணப்படுகிறது. நிறமி உயிரணுக்கள் இல்லாதபோது உட்செவி பழுதுறுவதே காரணம். வெடிக்கு அஞ்சாத இராசபாளையம் நாயைக் கண்டால் அதன் துணிவை மெச்சுமுன், அதற்குக் காது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேர்களின் வலிமை

மாட்டுக்கு வாகடம் எழுதிய மரபு நம்முடையது. குதிரைக்கும் யானைக்கும் சாத்திரங்கள் உண்டு. அந்த வரிசையில் நாய்க்கென ஒரு நூலைச் சுட்டுவது எளிதன்று. இன்றைய நாய் மாத்திரைகளிலுள்ள மூலிகைகள் பெரும்பாலும் மனித மருத்துவத்திலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டவை. அமுக்கராவுக்குச் சித்த மருத்துவத்தில் நெடிய வரலாறு உண்டு. இமயத்துச் சடாமாஞ்சிலும் ஐரோப்பிய வலேரியனும் தாவரவியலில் உறவினர். இரண்டும் உறக்கத்துக்கும் மன அமைதிக்கும் பெயர் பெற்றவை. ஆனால் மனிதருக்கு உறக்கம் தருவது, வெடியொலிக்கு நடுவே நாய்க்கு அமைதி தரும் என்பது தனியே நிறுவப்பட வேண்டிய செய்தி.

அதனை ஓரளவு அளந்து பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டெஃபனி ரீமர். 1,225 நாய்களைப் பற்றி அவற்றின் வளர்ப்பாளர்களிடம் கேட்டறிந்த அவரது ஆய்வு 2020இல் வெளிவந்தது. மூலிகை, ஓமியோபதி, பாக் மலர் மருந்து, நறுமண எண்ணெய் முதலியவற்றால் பயன் கண்டதாகச் சொன்னோர் 27 முதல் 35 விழுக்காட்டினர். வெற்று மாத்திரை தந்தாலும் இந்த அளவுக்குப் பயன் தோன்றக்கூடும் என்பது ஆய்வாளரின் கருத்து. கால்நடை மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளுக்கு இது 69 விழுக்காடு. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் தின்பண்டம் தந்தோ விளையாடியோ நாயின் மனத்தை மாற்றிய முறைக்கு 70 விழுக்காட்டுக்கும் மேல். இவை வளர்ப்பாளர்களின் மதிப்பீடுகள். ஆய்வுக்கூட அளவீடுகள் அல்ல. எனினும் அவை காட்டும் திசை தெளிவு. ஒரு வேரைவிட, அருகில் அமர்ந்திருக்கும் மனிதரின் கைப்பிடித் தீனி அதிகம் சாதிக்கிறது.

மயக்க மருந்து பற்றியும் ஒரு சொல். முன்னர்ப் பரவலாகத் தரப்பட்ட அசிப்ரோமசின் உடலை அடக்குமே தவிர அச்சத்தை அகற்றாது. நாய் அசையாமல் கிடக்கும். உள்ளே நடுங்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு மட்டுமே நிம்மதி. எனவே மூலிகையோ மாத்திரையோ, கால்நடை மருத்துவரைக் கேளாமல் தருவது தகாது.

ஒலியின் வாயிலில்

மருந்தை நாயின் வயிற்றில் தேடுவது ஒரு வழி. ஒலி பிறக்கும் இடத்தில் தேடுவது மற்றொன்று. 1999இல் நடுவண் அரசு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேற்படும் பட்டாசுகளைத் தடை செய்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கலாகாது என்றது. 2018இல் சரவெடியையும் பேரியம் கலந்த பட்டாசையும் விலக்கிப் பசுமைப் பட்டாசை முன்னிறுத்தியது. ஆனால் பசுமை என்பது புகையைப் பற்றியது. அதன் ஓசை வழக்கமான பட்டாசின் ஓசைக்கு நிகராக இருக்குமாறே வடிவமைத்தனர். நாயின் செவிக்கு அதில் பசுமை ஏதுமில்லை.

சட்டமின்றியே நடந்தது கொள்ளுக்குடிப்பட்டியில். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய அவ்வூரார், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. பறவைக்கு மருந்து கொடுக்க முடியாது. ஆகையால் ஊர் தன்னை மாற்றிக்கொண்டது.

எம். புதுப்பட்டிக்கு அவ்வழியை எளிதாகப் பரிந்துரைக்க நமக்கு நா எழவில்லை. ஒலி இல்லையேல் அங்கே உலை இல்லை. ஓசை வெடியை விட்டு வண்ண வெடிக்கு மாறலாமே என்பார் உளர். வண்ணமணிகளுக்கான வேதிக் கலவையும் உயிர் குடிப்பதே. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை மாண்டனர். 2023 அக்டோபரில் எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் கருகினர். 2020 மார்ச்சில் சிப்பிப்பாறையிலேயே, அந்த நாயின் பெயரைத் தாங்கிய ஊரிலேயே, ஆலை வெடித்து உயிர்கள் போயின.

பிற ஊர்களில் வெடிச்சத்தம் கேட்டால் திருவிழா என்பர். இங்கே பகலில் பெருஞ்சத்தம் கேட்டால், எந்த ஆலை, யார் வேலைக்குப் போயிருந்தார்கள் என்பதே முதற்கேள்வி. அக்கணத்தில் அந்த மண்ணின் மனிதரும் நாயும் ஒன்றுபோலவே அஞ்சுகின்றனர். நாயின் அச்சத்துக்குக் கடையில் மாத்திரை கிடைக்கிறது. மனிதரின் அச்சத்துக்கு எந்த வேரும் பரிந்துரைக்கப்படவில்லை. அதற்கு வேண்டுவது பாதுகாப்பான ஆலையும் மாற்றுப் பிழைப்பும் என்பதை அனைவரும் அறிவோம். நாயைப் பொறுத்தவரையிலும் உண்மை அத்தகையதே. அச்சம் அதன் குருதியில் இல்லை. நாம் கொளுத்தும் திரியில் இருக்கிறது.