தேனியில் வை-ஃபையைத் திருத்திய கதை

டெஸ்க்டாப்பில் வை-ஃபை விட்டு விட்டு வருகிறது என்று வகுப்பில் பாதிப் பேர் புலம்புகிறோம். எங்கள் புளியந்தோப்பு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் கேட்கவே வேண்டாம். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் கத்திக்கொண்டிருக்கும். போதாததற்கு நம் கம்ப்யூட்டரின் ஆண்டெனா தகரப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி கிடக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மேஜைமேல் கொண்டுவந்து பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும்.

ஆனால் இதே வை-ஃபையைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்து, கண் வைத்தியம் பார்த்தவர்கள் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள்.

1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனி கிளை சுற்றுவட்டார ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர்கள் கண்ணைப் பரிசோதிப்பார்கள். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியைப் பார்த்துப் பேசுவார். ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியதில்லை. சரி, பேச்சின் நடுவே இணைப்பு அறுந்தால்?

இங்கேதான் எரிக் புரூவரின் குழு வருகிறது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து. வை-ஃபையை ஏன் பிடித்தார்கள்? காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு விலைதான் முதலில் படும் :-) லேப்டாப்புகளுக்காக உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் தயாரான சில்லு அது, அதனால் மலிவு. 2005 ஜனவரியில் இந்திய அரசும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தது.

ஆனால் வை-ஃபை வீட்டுக்கும் ஆபீசுக்கும் என்று செய்த சரக்கு. ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். 15 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை போக மட்டும் 50 மைக்ரோ விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் பொறுமை இழந்து, தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். எதிர்முனை பேசுவதும் தாமதமாகவே காதில் விழுவதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். சிக்னல் நன்றாக இருக்கும், இணைப்பு மட்டும் இழுக்கும்!

குழு கருவியை மாற்றவில்லை, பேசும் முறையை மாற்றியது. நீ இவ்வளவு நேரம், நான் இவ்வளவு நேரம் என்று முறை வைத்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனிப் பதில் கேட்காமல் மொத்தமாக ஒரே பதில். வைல்ட்நெட் என்று பெயர். 2007-ல் வெளியிட்ட ஆய்வில் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியதாகச் சொன்னார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2008-ல் வந்த அடுத்த ஆய்வு பெரிதும் கரண்டைப் பற்றியே பேசியது. மின்னழுத்தம் எகிறி ரூட்டர்கள் எரிந்தன. அழுத்தம் குறைந்தபோது சாகவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல் பாதியில் தொங்கின. திடீர் திடீரென்று அணைந்ததில் உள்ளே இருந்த மெமரி கார்டு கெட்டது. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சின்ன சர்க்யூட் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்பிறகு ரூட்டர்கள் அப்படித் தொங்குவது குறைந்தது.