எட்டு போட்டால் மட்டும் போதுமா?

தென்காசிப் பக்கம் லைசென்ஸ் பேச்சு வந்தாலே, “எட்டு போட்டாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. பைக்குக்கு எட்டு, காருக்கு எச். ஆனால் தேர்வு அதோடு முடிவதில்லை, நண்பர்களே!

லைசென்ஸ் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்று 1914-லேயே இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935-ல். இங்கே 1939-ம் வருடச் சட்டம், தேர்வில் செய்து காட்ட வேண்டியதை அட்டவணையே போட்டுச் சொன்னது. இப்போது நடப்பது 1988-ம் வருடச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. முதலில் எல்.எல்.ஆர்., 30 நாள் கழித்துத் தேர்வு.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ம் விதியைப் படித்தால், நம்ம ஊர்க்காரர் எழுதியதோ என்று தோன்றும்! செங்குத்தான ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்ப வேண்டும். இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்ற வேண்டும் என்கிறது.

குற்றால சீசனுக்கு வந்து, அப்படியே செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் போகிறவர்களுக்கு இது உயிர்ப்பாடம். இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கீழ் கியரில் போனால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

எட்டும் எச்சும் சமதரையில் போடுவது. மலை சமதரை இல்லையே! தம்பி தங்கைகளே, லைசென்ஸ் கைக்கு வந்ததும், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தில் பழகுங்கள். அப்புறம் மலைக்குப் போகலாம். அருவி எங்கேயும் ஓடிப் போகாது!